தலைக்கு மேல் இரண்டு இஸ்திரிப் பெட்டிகள்

வீடுகளுக்கு வரைபடம் போடும் கட்டடக் கலைஞர்களுக்கும், கணக்குப் போடும் பொறியாளர்களுக்கும், பொறுப்பெடுத்துக் கட்டித் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

போன கோடையில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு அம்மாவின் அறையில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 31 டிகிரி காட்டியது. கையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானியைத் தரையை நோக்கிப் பிடித்தேன், 31. கட்டிலுக்கு நேர் மேலே தளத்தை நோக்கிப் பிடித்தேன், 38. சூரியன் மறைந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, படுக்கையைவிட்டு அதிகம் எழுவதில்லை. "அடுப்புப் பக்கத்துல படுத்த மாதிரி இருக்குப்பா, விசிறியை இன்னும் கூட்டு" என்றார். கூட்டுவதற்கு அதற்கு மேல் எண் இல்லை.

பல ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன் நான். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று வெப்பம் நகரும் மூன்று வழிகளைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை. அந்த மூன்றும் சேர்ந்து என் வீட்டுக் கூரையிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தன. அன்றிரவு தூக்கம் வராமல், வீடு கட்டும்போது எங்களுக்குத் தந்த வரைபடக் கட்டை எடுத்து விரித்தேன். மொத்தம் 23 தாள்கள். எந்தத் தூணில் எத்தனை கம்பி, எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு இடைவெளியில் வளையம், எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்தச் சுவிட்ச் எந்த உயரத்தில் இருக்கிறது, எல்லாம் இருந்தன. தளத்தின் மேல் எத்தனை கிலோ பாரம் நிற்கலாம் என்பதும் இருந்தது. அந்தத் தளத்தின் வழியே எத்தனை வாட் வெப்பம் இறங்கும் என்பதற்கு 23 தாளில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய கணக்கு இல்லை. ஒரு பொருளின் வழியே போகும் வெப்பம் இருபுறத்து வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்பக் கூடும், கனத்துக்கு ஏற்பக் குறையும் என்று பிரான்சில் ஜோசப் ஃபூரியே எழுதி வைத்தது 1822-இல். இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு அம்மாவின் அறைத் தளத்துக்கு நானே கணக்குப் போட்டேன். உங்களில் யாரும் பத்து நிமிடத்தில் சரிபார்க்கலாம்.

அறை 20 சதுர மீட்டர். தளம் 150 மில்லிமீட்டர் கான்கிரீட். கான்கிரீட்டின் வெப்பக் கடத்துதிறனை, அதாவது வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடக்கவிடும் என்ற எண்ணை, சுமார் 1.6 என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் எடுத்த கனத்தை அந்த எண்ணால் வகுத்தால் வருவது தடை. அப்படியானால் தளம் தரும் தடை 0.1-க்கும் குறைவு. தளத்தின் அடிப்பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் தரும் தடை 0.17. அதாவது, வெப்பத்தைத் தடுப்பதில் அத்தனை கம்பியும் சிமென்ட்டும் போட்ட தளத்தைவிட, ஒரு காசு செலவில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்று அதிக வேலை செய்கிறது. உச்சி வெயிலில் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரிக்குப் போகும். உள்ளே 30 என்றால் வேறுபாடு 30. அந்த நிலை அப்படியே நீடித்தால், வேறுபாட்டை மொத்தத் தடையால் வகுக்க, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 110 வாட், அறை முழுவதற்கும் 2,200 வாட்டுக்கு மேல் இறங்கும். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி சுமார் 1,000 வாட். அப்படி இரண்டு பெட்டிகளைச் சூடேற்றித் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டது போன்றது இது.

அதே தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் கனத்துக்கு, கடத்துதிறன் 0.033 உள்ள காப்புப் பலகையைப் பரப்பினால் தடை 1.5 கூடுகிறது. அதே வெயிலில் இறங்கும் வெப்பம் 340 வாட்டாகச் சுருங்குகிறது. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இதே பலனைக் கான்கிரீட்டைக் கொண்டே பெற வேண்டும் என்றால் தளத்தின் மேல் இன்னும் சுமார் இரண்டரை மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் கொட்ட வேண்டும். "கனமாகப் போட்டிருக்கிறோம், சூடு இறங்காது" என்று இனி யாரும் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கான்கிரீட் பாரம் தாங்கப் பிறந்தது. வெப்பம் தடுக்கும் வேலை அதற்குத் தெரியாது.

அதற்குத் தெரிந்த வேறு ஒரு வேலை உண்டு, வெப்பத்தைச் சேர்த்து வைப்பது. அம்மாவின் தலைக்கு மேல் இருந்த தளத்தின் எடை ஏழு டன்னுக்குச் சற்று மேல். அது ஒரு டிகிரி குளிர வேண்டுமானால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கக்க வேண்டும். பகலில் பத்து டிகிரி கூடுதலாகக் குடித்து வைத்திருந்தால் இரவில் பதினேழு யூனிட்டுக்கு மேல் கக்கும். ஒரு பங்கு வானத்துக்குப் போகும். மறு பங்கு கட்டிலுக்கு வரும். மேற்பரப்பில் ஏறிய சூடு 150 மில்லிமீட்டர் கான்கிரீட்டைக் கடந்து அடிப்பரப்புக்கு வர நான்கு மணி நேரம்போல ஆகும். பகல் இரண்டு மணி வெயில் மாலை ஆறு மணிக்கு வந்து சேர்கிறது, நடுநிசிவரை தங்கிவிடுகிறது. குடும்பம் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் நேரத்தில் கூரை வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லோரும் வந்து படுத்த பிறகு கொடுக்கிறது.

மின்விசிறி ஏன் உதவவில்லை என்பதை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நம் தோலின் வெப்பநிலை 34, 35 டிகிரி. 38 டிகிரியில் இருக்கும் தளம் நம்மை நோக்கி வீசும் கதிர்வீச்சு, நாம் அதை நோக்கி வீசுவதைவிட அதிகம். உடல் அந்தப் பக்கமாக வெப்பத்தை இழக்க முடியாமல் வாங்கத் தொடங்குகிறது. கதிர்வீச்சு காற்றில் ஏறி வருவதில்லை, காற்றைத் துளைத்துக்கொண்டு நேராக வருகிறது. விசிறி காற்றைத் தள்ளலாம், வியர்வையை உலர்த்தலாம், கதிர்வீச்சைத் தள்ள அதனால் ஆகாது. அதனால்தான் வெப்பமானி 31 என்று காட்டும் அறையில் படுத்திருப்பவருக்கு அது 31-ஆகத் தெரிவதில்லை. அறையின் காற்றை மட்டும் அளந்துவிட்டு "அப்படியொன்றும் சூடு இல்லையே" என்று சொல்பவர்கள், ஒரு நிமிடம் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும்.

இது வசதிக் குறைவு பற்றிய புகார் என்று நினைத்துவிடாதீர்கள். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வெப்ப அலை தாக்கியபோது பிரான்சில் மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். தம் வீட்டிலேயே இறந்தவர்களைப் பற்றிப் பிறகு ஆய்வு செய்தபோது, ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் இரண்டு வீட்டைப் பற்றியவையாக இருந்தன. ஒன்று, கட்டடத்துக்கு வெப்பக் காப்பு இல்லாதது. மற்றொன்று, படுக்கையறை கூரைக்கு நேர் கீழே இருந்தது. முதியவர்களுக்கு வியர்வை குறைவு, தாக உணர்வு குறைவு, உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வேகம் குறைவு. இரவு ஒன்றுதான் அந்த உடலுக்கு ஓய்வு. அந்த இரவைக் கூரை பறித்துக்கொள்கிறது. தூண் சரிந்து ஒருவர் இறந்தால் கணக்குப் போட்டது யார் என்று கேட்பார்கள். கூரை கக்கிய வெப்பத்தில் ஒருவர் இறந்தால் வயதாகிவிட்டது என்பார்கள்.

எங்கள் வீட்டில் வெப்பத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தார்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மொட்டைமாடியில் ஓடு பதிப்பதற்கு முன்னால் பளபளப்பான அலுமினியத் தாள் ஒன்றை விரித்தார்கள். "இது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்" என்றார் ஒப்பந்தக்காரர். அதன் மேல் நேராகக் கலவையைக் கொட்டி ஓடு பதித்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பில் எத்தனையோ முறை சொன்னது அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. பளபளப்பு தடுப்பது கதிர்வீச்சை. கதிர்வீச்சு நிகழ அந்தப் பரப்புக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். தாளின் இருபுறமும் கலவையும் கான்கிரீட்டும் ஒட்டிவிட்டால் அங்கே கதிர்வீச்சுக்கு இடமே இல்லை, கடத்தல் மட்டும்தான். அலுமினியமோ கடத்துவதில் கான்கிரீட்டைவிட நூறு மடங்கு கெட்டி. சாய்வான ஓட்டுக் கூரைக்கு அடியில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இதே தாளை இழுத்துக் கட்டியிருந்தால் நன்றாக வேலை செய்திருக்கும். எங்கள் கூரையில் அது புதைக்கப்பட்ட கண்ணாடி.

பளபளப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது வியப்பாக இருக்கும். வெயிலில் கிடக்கும் மெருகிட்ட உலோகத் தகடு, வெள்ளை வண்ணம் பூசிய அதே தகட்டைவிட அதிகம் சுடும். இரண்டுமே வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் உள்வாங்கிய மிச்ச வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி எறிவதில் வெள்ளைப் பூச்சு திறமைசாலி, பளபளக்கும் உலோகம் கஞ்சன். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் எண்பது விழுக்காடு அளவுக்குத் திருப்பி அனுப்பும். தூசும் பாசியும் படியப் படிய அது குறையும், கழுவ வேண்டும், சில ஆண்டுகளில் மறுபடி பூச வேண்டும். வெப்பமான இடங்களில் செலவு குறைவான முதல் வேலை இதுதான். நீண்ட குளிர்காலம் உள்ள இடங்களில் இதே வெள்ளை, வேண்டிய வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். எங்கே என்ன பொருந்தும் என்று சொல்லத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

காப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ அரிய பொருள் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது சிறைப்பட்ட காற்று. அசையாத காற்றின் கடத்துதிறன் சுமார் 0.025, செங்கல்லின் கடத்துதிறனில் முப்பதில் ஒரு பங்கு அளவு. கண்ணாடிப் பஞ்சு, பாறைப் பஞ்சு, தெர்மாகோல், கம்பளி, வைக்கோல் எல்லாமே காற்றை நகரவிடாமல் பிடித்து வைக்கும் வேலையைச் செய்கின்றன. பஞ்சை அமுக்கிக் கனத்தைக் குறைத்தால் காற்று போய்விடும், காப்பும் போய்விடும். அதில் தண்ணீர் ஏறினால் இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்தும். ஆகவே எந்தப் பொருள் என்பதைப் போலவே, எங்கே, எப்படி என்பதும் முக்கியம். மொட்டைமாடியில் கண்ணாடிப் பஞ்சை விரித்தால் முதல் மழையோடு அது ஈரத் துணி. அங்கே நீர் உறிஞ்சாத, காற்றை அடைத்து வைத்த மூடிய நுண்ணறைகள் கொண்ட பலகைதான் பொருந்தும். நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் அந்தப் பலகை, அதன் மேல் வடிகட்டித் துணி, அதன் மேல் ஓடு. இப்படிப் போட்டால் நீர்த்தடுப்புப் பூச்சும் பகலில் வெந்து இரவில் சுருங்கும் பாட்டிலிருந்து தப்பிக்கிறது, அதன் ஆயுளும் கூடுகிறது. கசிவைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் வீட்டுக்காரரிடம் இந்த ஒரு பயனைச் சொன்னாலே போதும், சம்மதிப்பார்.

சுவரில் காப்பை உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பதில் என் மனம் பெரும்பாலும் வெளியே என்றுதான் சொல்கிறது. வெளியே வைத்தால் கனமான சுவர் வீட்டின் பக்கம் நின்றுகொள்கிறது. உள்ளே உள்ள வெப்பநிலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்க அந்தக் கனம் உதவுகிறது. பகலில் எனக்கு எதிரியாக இருந்த அதே கான்கிரீட், வெயில் படாமல் காப்புக்கு உட்புறம் நின்றால் நண்பன். எப்போதாவது பயன்படுத்தும் அறை, சீக்கிரம் சூடாகவோ குளிரவோ வேண்டும் என்றால் உள்ளே வைப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் உள்ளே வைக்கும்போது தளம் சுவரைச் சந்திக்கும் இடங்களில் காப்பு அறுபட்டுப் போகிறது. அறுபட்ட அந்த இடம்தான் வெப்பப் பாலம்.

வெப்பப் பாலத்தை ஒரு முறை கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார். குளிர்ப் பகுதியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், தம் வீட்டு அலமாரியை நகர்த்தியபோது பின்னால் இருந்த மூலையைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு வெளிச்சுவர்களும் தளமும் சந்திக்கும் மூலை. அங்கே மட்டும் முக்கோண வடிவில் கரும்பூஞ்சை. குழாய்க் கசிவு என்று நினைத்து இரண்டு முறை சுவரை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். கசிவு எதுவும் இல்லை. 20 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, 12 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே அதில் உள்ள நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும். வெளியே நீண்டிருந்த பால்கனித் தளம் குளிரை அந்த மூலைக்குள் கொண்டு வந்திருந்தது. அலமாரி மறைத்ததால் அறையின் சூடும் அங்கே போகவில்லை. அந்த அறையில் படுத்த குழந்தைக்கு இரண்டு குளிர்காலமாக இளைப்பு. கூரையில் என் அம்மாவுக்கு நடந்ததும் அந்த மூலையில் அந்தக் குழந்தைக்கு நடந்ததும் ஒரே கணக்குப் பிழை, திசை மட்டும் வேறு.

ஈரக்காற்று மிகுந்த வெப்பப் பகுதிகளில் இதே கதை தலைகீழாக நடக்கும். வெளியே 32 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனி படியும் வெப்பநிலை ஏறத்தாழ 27. ஏசி போட்ட அறையின் சுவர் 24-இல் இருந்தால், வெளிக்காற்று இடுக்கு வழியே புகுந்து அந்தச் சுவரின் குளிர்ந்த பரப்பைத் தொடும் இடத்திலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். நீராவித் தடுப்புத் தாளை எப்போதும் வெப்பம் மிகுந்த பக்கத்தில் வைக்க வேண்டும். குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்து அதை உட்புறம் ஒட்டினால், வெப்பப் பகுதியில் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே பூட்டி வைத்தது போல் ஆகிவிடும்.

ஜன்னலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றைக் கண்ணாடி ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டர் ஒன்றின் வழியே ஆறு வாட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கடத்தும். காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி அதில் பாதி. கதிர்வீச்சைத் தடுக்கும் மெல்லிய பூச்சும் ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். ஆனால் அந்தக் கண்ணாடியை நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பட்டை இல்லாத அலுமினியச் சட்டத்தில் மாட்டினால் சட்டமே வெப்பத்தை அள்ளிக்கொண்டு வந்துவிடும். வெயில் நாடுகளில் கண்ணாடியைவிட நிழலுக்குத்தான் முதலிடம். மேற்கே பார்த்த இரண்டு சதுர மீட்டர் ஜன்னலில் மாலை வெயில் நேராக விழுந்தால் ஆயிரம் வாட் அளவுக்கு உள்ளே வரும். மறுபடியும் ஒரு இஸ்திரிப் பெட்டி. தலைக்கு மேல் நீட்டிய சன்ஷேட், தாழ்ந்து வரும் மாலைச் சூரியனை மறைக்காது. அதற்குச் செங்குத்தான தடுப்போ, வெளியே இறக்கிவிடும் தட்டியோ, மரமோ வேண்டும். உள்ளே தொங்கும் திரை, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைச் சந்திக்கிறது. அதற்குள் வெப்பம் வீட்டுக்காரராகிவிடுகிறது.

இடுக்குகளையும் நீங்கள் சில்லறை விஷயம் என்று விட்டுவிடுகிறீர்கள். ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது முப்பது சதுர சென்டிமீட்டர். கதவில் ஆறு சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்ட ஓட்டை போட்டது போன்றது. கதவில் அப்படி ஓட்டை இருந்தால் அன்றே தச்சரைக் கூப்பிடுவோம். அடியில் கோடாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஒரு மெல்லிய காகிதக் கீற்றை ஜன்னல் ஓரத்தில், சுவிட்ச் பெட்டியில், குழாய் சுவரை விட்டு வெளியேறும் இடத்தில் பிடித்துப் பாருங்கள், அது ஆடும் இடமெல்லாம் காசு வெளியேறும் இடம். ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இடுக்குகளை அடைக்கும் வீட்டுக்கு நல்ல காற்று வர முறையான வழி வைத்தே ஆக வேண்டும். உள்ளே எரியும் அடுப்போ வெந்நீர்க் கொதிகலனோ இருந்தால் அதன் புகை வெளியே போகும் வழியைச் சரிபார்க்காமல் ஒரு விரிசலைக்கூட அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஏசியை நான் வெறுக்கவில்லை. அம்மாவின் அறையிலும் இருக்கிறது. நல்ல ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும், அது பெரிய காரியம்தான். ஆனால் காப்பில்லாத கூரைக்கு அடியில் அதை ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் இறைத்துக்கொண்டே இருப்பது. அதிலும் வெளிப்பெட்டிக்கு நீங்கள் ஒதுக்கும் இடம் இருக்கிறதே! வீட்டின் முகப்பு அழகாக இருக்க வேண்டும் என்று, மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய குறுகலான சந்தில் நான்கு பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறீர்கள். கீழ்ப்பெட்டி கக்கும் சூட்டை மேல்பெட்டி மூச்சாக இழுக்கிறது. எவ்வளவு சூடான காற்றில் வெப்பத்தைத் தள்ள வேண்டியிருக்கிறதோ அவ்வளவு கூடுதல் மின்சாரம். வரைபடத்தில் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் தீரும் பிரச்சினைக்கு, அந்த வீட்டார் பதினைந்து ஆண்டுகள் பணம் கட்டுகிறார்கள். வெந்நீர்க் குழாய்க்கு ஒரு உறை போடாததும், வெந்நீர்க் கலனைக் குளியலறைக்கு எதிர் மூலையில் வைப்பதும் இதே வகைதான்.

நீங்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். நேரில் கேட்டிருக்கிறேன்.

"வீட்டுக்காரர் கேட்பதில்லை" என்றார் ஒரு பொறியாளர். எந்த வீட்டுக்காரரும் தூணுக்குள் வளையக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் வேண்டும் என்று கேட்பதில்லை. இருந்தும் போடுகிறீர்கள். அவருக்குத் தெரியாது என்பதால்தானே உங்களிடம் வருகிறார்?

"செலவு கூடும்" என்றார் இன்னொருவர். கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைப் பிறகு செய்தால் என்ன ஆகும் என்று நான் அனுபவித்துவிட்டேன். இந்த ஆண்டு தொடக்கத்தில் மொட்டைமாடி ஓட்டை முழுவதும் பெயர்த்து, அந்தப் பயனற்ற தாளையும் உரித்து எறிந்துவிட்டு, நீர்த்தடுப்பைப் புதிதாகப் பூசி, 50 மில்லிமீட்டர் பலகை பரப்பி, மறுபடி ஓடு பதித்தோம். ஒரு மாதம் ஆனது. இடிபாட்டை இறக்கவே நான்கு நாள். கட்டும்போதே செய்திருந்தால் பலகை பரப்பும் கூலியும் பலகையின் விலையும்தான், ஓரிரு நாள் வேலை. கோடை உச்சத்தில் அதே பதினொன்றரை மணிக்கு அதே இடத்தில் வெப்பமானியைப் பிடித்தேன். தளம் 33. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஏசி ஓடவில்லை, விசிறி மூன்றாம் எண்ணில் இருந்தது.

"காப்புப் பலகை தீப்பிடிக்கும்" என்று சொன்னவரின் பேச்சை நான் மிகுந்த மரியாதையோடு கேட்டேன். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பில் பற்றிய தீ, புதுப்பிக்கும்போது வெளிச்சுவரில் பொருத்திய எரியக்கூடிய பலகைகள் வழியே மேலேறி 72 பேரைக் கொன்றது. அதை மறந்துவிட்டுக் காப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. உயரமான கட்டடத்தின் வெளிச்சுவருக்கு எரியாத பாறைப் பஞ்சு இருக்கிறது. எரியக்கூடிய பலகையைக் கான்கிரீட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் மூடி வைக்கலாம். எது எங்கே என்று தெரிந்து தேர்ந்தெடுப்பதும் உங்கள் படிப்பின் பகுதிதான். பொருளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததற்குத் தீர்வு, எதையுமே தேர்ந்தெடுக்காமல் விட்டுவிடுவது ஆகாது.

முடியுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளரின் முயற்சியில் நான்கு வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. கனத்த காப்பு, வெப்பப் பாலம் இல்லாத இணைப்புகள், மூன்றடுக்குக் கண்ணாடி, இடுக்கில்லாத கட்டுமானம், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் கருவி. அதிலிருந்து பிறந்த 'பாசிவ் ஹவுஸ்' தரம், சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதற்கும் 15 யூனிட்டுக்கு மேல் சூடேற்றத் தேவைப்படக் கூடாது என்கிறது. உறைபனிக் காலம் உள்ள நாட்டில் இது நடக்கிறது. அந்த வீடுகளில் மாயப் பொருள் எதுவும் இல்லை. முதல் செங்கல் வைப்பதற்கு முன் வெப்பத்துக்கும் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

உங்களை எல்லோரையும் அந்தத் தரத்துக்கே வரச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கோரிக்கை சிறியது. நீங்கள் தரும் ஒவ்வொரு வரைபடத்திலும் கூரை, வெளிச்சுவர், ஜன்னல் மூன்றுக்கும் யூ மதிப்பை எழுதிக் கொடுங்கள். ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் போகும் என்ற அந்த எண். எங்கள் பழைய கூரைக்கு அது 3.3, இப்போது 0.55. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "இது வேண்டுமா, அது வேண்டுமா?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இயற்பியல் படிக்காதவருக்கும் ஆறு மடங்கு என்றால் புரியும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அது அவர் எடுத்த முடிவு. எங்களுக்கு முடிவெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை.

இடம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் 23 தாளிலும் வலது மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்று அழகாக வரையப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மூன்று எண்கள் எழுதும் அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது.

அன்புடன்,
மேல்தளத்தில் குடியிருக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியர்